உங்கள் பழைய லேப்டாப்புக்கு ஏன் இரண்டு மூளை?

உங்கள் வீட்டுப் பரணிலோ பீரோவின் மேல்தட்டிலோ ஒரு பழைய லேப்டாப் கிடக்கலாம். திறந்து பாருங்கள், கீபோர்டுக்குக் கீழே 'கோர் டூயோ', 'கோர் 2 டூயோ' என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கலாம். எடைக்குப் போடுவதற்கு முன், அந்த 'டூயோ' எப்படி வந்தது என்று கேளுங்கள். அதை நன்றாக ஓட்டும் வழியும் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

2000ஐ ஒட்டி கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும். கடையில் நாம் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை கிகாஹெர்ட்ஸ்?" என்பதுதான். இன்டெல் நிறுவனமும் அந்தக் கேள்விக்கு ஏற்றபடியே பென்டியம் 4ஐ வடிவமைத்து, 2000 நவம்பரில் 1.5 கிகாஹெர்ட்ஸில் கொண்டுவந்தது. பிறகு எண்ணை ஏற்றிக்கொண்டே போனது. ஆனால் வேகத்தைக் கூட்டினால் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருக்கும். மின்னழுத்தம் இரு மடங்கானால் மின்செலவு நான்கு மடங்காகும். செலவாகும் மின்சாரம் அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும். 2004இல் வந்த 'பிரஸ்காட்' வகையின் வேகமான சிப்புகள் 100 வாட்டைத் தாண்டின. பழைய குண்டு பல்பின் சூடு, விரல் நகம் அளவு இடத்தில்! அதை மடியில் வைத்துக்கொள்ள முடியுமா?

அந்த ஆண்டு மே மாதம், பென்டியம் 4இன் அடுத்த தலைமுறையாக வரவிருந்த சிப்பை இன்டெல் கைவிட்டது. அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐயும் ரத்து செய்தது. அப்போதைய தலைமை அதிகாரி கிரெய்க் பாரெட், ஒரு மாநாட்டு மேடையில் மண்டியிட்டே மன்னிப்புக் கேட்டார். பாதி வேடிக்கைதான், ஆனால் அதோடு கிகாஹெர்ட்ஸ் பந்தயம் ஓய்ந்தது.

மாற்றுவழி ஏற்கெனவே தயாராக இருந்தது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் இருந்த இன்டெல் குழு, லேப்டாப்புக்கென்றே 'பென்டியம் எம்' சிப்பை வடிவமைத்து 2003 மார்ச்சில் வெளியிட்டிருந்தது. எண்ணைப் பார்த்தால் 1.6 கிகாஹெர்ட்ஸ்தான். ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் வேலை செய்து, பென்டியம் 4க்கு ஈடுகொடுத்தது. சூடோ சுமார் 25 வாட்.

2005இல் மேசைக் கணினிக்கு வந்த பென்டியம் டி, இரண்டு பென்டியம் 4களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது போலத்தான். சூடும் அப்படியே. ஹைஃபா குழு தன் சிக்கனமான வடிவமைப்பில் இரண்டு கோர்களை ஒரே சிப்பில் பதித்தது. அதன் உள்பெயர் 'யோனா', எபிரேய மொழியில் புறா. 2006 ஜனவரியில் 'கோர் டூயோ'வாக வெளிவந்தது. இரண்டு கோருக்கும் சேர்த்தே 31 வாட். அதே மாதம் ஆப்பிளும் தன் மேக்புக் ப்ரோவை இந்தச் சிப்போடு அறிவித்தது.

ஆக, இது சூட்டுக்குப் பயந்து பிறந்த சிப். சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நீங்கள் "லேப்டாப்புக்கு வயசாயிடுச்சு" என்று நினைப்பது பல நேரங்களில் இதுதான். விசிறியின் வாயில் கம்பளி மாதிரி படிந்திருக்கும் தூசியை எடுங்கள். பல ஆண்டுகளானதென்றால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும்; சர்வீஸ் கடையில் புதிதாகப் பூசித் தருவார்கள். மெத்தை, தலையணை மேல் வைத்து ஓட்ட வேண்டாம். விசிறி அறைக் காற்றைத்தான் இழுக்கிறது என்பதால், சித்திரை மத்தியானத்தில் அதனிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டு கோர் என்றால் இரட்டை வேகம் என்றும் நினைக்க வேண்டாம். ஜீன் அம்டால் 1967லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். 10 நிமிட வேலையில் பாதியைப் பிரிக்க முடியாதென்றால், இரண்டு கோர் இருந்தும் ஏழரை நிமிடம் ஆகும். அடுப்பில் இரண்டு பர்னர் இருப்பதால் குக்கர் சீக்கிரம் விசில் அடிக்காதே! அதனால் தேவையில்லாமல் தானாகத் தொடங்கும் புரோகிராம்களை நிறுத்துங்கள். ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். கோர்கள் பெரும்பாலும் டிஸ்குக்காகத்தான் காத்திருக்கின்றன. என் கருத்தில் முதலில் செலவு செய்ய வேண்டியது இதற்குத்தான்.

எம்எஸ்கான்ஃபிக்கில் போய் 'நம்பர் ஆஃப் பிராசஸர்ஸ்' என்பதை 2 ஆக்கினால் வேகம் கூடும் என்று ஒரு குறிப்பு சுற்றி வருகிறது. தொடாதீர்கள். அது சோதனைக்காகக் கோர்களைக் குறைக்கும் வசதி. விண்டோஸ் இயல்பாகவே எல்லாக் கோர்களையும் பயன்படுத்தும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 இந்தப் பழைய சிப்புகளை முறைப்படி ஏற்பதில்லை. அதனால் விண்டோஸோடு இருக்கும் இந்த லேப்டாப்பில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம். கோர் 2 டூயோ 64 பிட் சிப் என்பதால், இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டுப் பிள்ளைகளுக்கு டைப்பிங் பழகக் கொடுக்கலாம். பேட்டரி மட்டும் உப்பியிருந்தால் சார்ஜ் போடாமல், மின்கழிவு எடுப்பவரிடம் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.