பனியாறுகளின் கடல்வழி: அலாஸ்காவில் கப்பல் சுற்றுலா உருவான வரலாறு

முன்னுரை

அமெரிக்காவின் சியாட்டில் துறைமுகத்திலிருந்து அலாஸ்காவின் ஸ்காக்வே வரை சுமார் 1,600 கிலோமீட்டர் நீளத்துக்குத் தீவுகளின் ஊடே ஒரு கடல்வழி செல்கிறது. பசிபிக் பெருங்கடலின் அலைகளை வெளிப்புறத் தீவுகள் தாங்கிக்கொள்வதால், பெரும்பாலான இடங்களில் நீர் ஏரியைப் போல் அடங்கிக் கிடக்கும். 'இன்சைடு பாசேஜ்' எனப்படும் இவ்வழியின் வட பகுதியில் மட்டும் ஏறத்தாழ 1,100 தீவுகள் உள்ளன. அவற்றின் மேல் படர்ந்திருக்கும் டோங்காஸ் காடுதான் அமெரிக்காவின் மிகப் பெரிய தேசிய வனம். கடலுக்குள் இறங்கிப் பிளந்து விழும் பனியாறுகளைக் காண ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் இங்கே கப்பலேறி வருகின்றனர்.

இச்சுற்றுலாவின் தோற்றத்தைப் பற்றிப் பரவலாக ஓர் எண்ணம் உண்டு. முதலில் மாலுமிகள் வந்தார்கள், அடுத்து மென்மயிர்த்தோல் வணிகர்களும் தங்கம் தேடிகளும் வந்தார்கள், எல்லைப்புறக் காலம் ஓய்ந்தபின் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள் என்பதே அது. ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இவ்வெண்ணம் நிலைக்கவில்லை. சுற்றுலாப் பயணி தங்க வேட்டைக்கு முன்பே வந்துவிட்டார். குடிமை அரசு அமைவதற்கும் முன்பே வந்துவிட்டார். கப்பல் சுற்றுலா எல்லைப்புற வரலாற்றின் பின்விளைவு அன்று, அதன் ஓர் உறுப்பு என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடலே வீதியாக இருந்த நாடு

இக்கரைகள் டிலிங்கிட், ஹைடா, சிம்ஷியன் மக்களின் தாயகம். செஞ்சிடார் மரத்தைக் குடைந்து செய்த பெருந்தோணிகளில் அவர்கள் நூற்றுக்கணக்கான மைல் தொலைவு சென்று வணிகம் செய்தனர். மலைக்கு அப்பால் வாழ்ந்தோருக்கு மீனெண்ணெயைக் கொண்டுசென்று தோல்களைப் பெற்று வந்த டிலிங்கிட் குலங்கள், கணவாய்ப் பாதைகளைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்தன. ஓடைக்கும் விரிகுடாவுக்கும் உரிய குலம் எது என்ற வரையறை அங்கே தெளிவாக இருந்தது.

1741இல் ரஷ்யக் கப்பல்கள் இக்கரையை எட்டின. கடல் நீர்நாயின் தோலுக்காகத் தொடர்ந்து வந்த ரஷ்யர்கள், 1804இல் டிலிங்கிட் மக்களோடு போரிட்டு சிட்காவைக் கைக்கொண்டனர். 1867இல் ரஷ்யா 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை அமெரிக்காவுக்கு விற்றது. அவ்வாண்டு அக்டோபர் 18 அன்று சிட்காவில் கொடி மாறியது. ரஷ்யரிடம் இருந்தவை சில கோட்டைகளே, நிலம் அவர்கள் விற்பதற்கு உரியதன்று என்று டிலிங்கிட் மக்கள் வாதிட்டனர். அந்தப் பிணக்கு நூறாண்டு நீண்டு, 1968இல் 75 லட்சம் டாலர் இழப்பீட்டுத் தீர்ப்பில் முடிந்தது.

தோணியிலிருந்து நீராவிக் கப்பலுக்கு

1794இல் ஜார்ஜ் வான்கூவரின் அளவைக் குழு இன்றைய கிளேசியர் பேயின் வாயிலை அடைந்தபோது அங்கே விரிகுடாவே இல்லை. பனிச்சுவர் மட்டும் நின்றது. 1879இல் இயற்கையியலாளர் ஜான் மியூர் வந்தபோது பனி 30 மைலுக்கும் மேல் பின்வாங்கியிருந்தது. ராங்கெல் கோட்டையிலிருந்து மியூர் புறப்பட்டது தோணியில்; அதன் தலைவர் தோயாத்தே என்ற டிலிங்கிட் பெரியவர். டிலிங்கிட் மக்கள் நீர்வழி அறிந்திராவிட்டால் மியூரின் பயணமே நிகழ்ந்திருக்காது. ஆயினும் பின்னர் அங்குள்ள ஒரு பனியாற்றுக்கு நிலைத்தது மியூரின் பெயரே.

அடுத்த நான்கு ஆண்டுகளில் நிலைமை மாறியது. பசிபிக் கோஸ்ட் ஸ்டீம்ஷிப் கம்பெனியின் கப்பல்கள் அஞ்சலையும், சுரங்கங்களுக்கும் சால்மன் மீனை டின்னில் அடைக்கும் ஆலைகளுக்கும் வேண்டிய சரக்கையும் சுமந்து வடக்கே சென்றுகொண்டிருந்தன. 1883இல் அக்கம்பெனியின் 'ஐடஹோ' கப்பலைத் தலைவர் ஜேம்ஸ் கரோல் கிளேசியர் பேக்குள் செலுத்தினார். அதில் பயணம் செய்த இதழாளர் எலைசா சிட்மோர் நாளேடுகளுக்கு எழுதியனுப்பிய கட்டுரைகள் 1885இல் நூலாயின. அதே 1883இல் நார்தர்ன் பசிபிக் ரயில்பாதை நிறைவுற்றதால், கிழக்குக் கரையின் வசதி படைத்தோர் ரயிலில் மேற்கே வந்து கப்பலேறுவது எளிதாயிற்று. கப்பல், எழுத்து, ரயில் ஆகிய மூன்றும் ஒரே காலத்தில் கூடியதே சுற்றுலாவுக்கு அடித்தளம். 1890இல் சுமார் 5,000 பயணிகள் வந்தனர்.

இவ்விடத்தில் மற்றோர் ஆண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 'ஐடஹோ' கிளேசியர் பேக்குள் நுழைவதற்கு முந்தைய ஆண்டு, 1882 அக்டோபர் 26 அன்று, அமெரிக்கக் கடற்படை அங்கூன் என்ற டிலிங்கிட் ஊரைக் குண்டுவீசித் தகர்த்து எரித்தது. குளிர்காலத்துக்குச் சேமித்திருந்த உணவும் தோணிகளும் அழிந்தன. அலாஸ்காவுக்கெனக் குடிமை நிர்வாகச் சட்டம் வந்ததோ 1884இல்தான். அதாவது, ஒரு விரிகுடாவில் பீரங்கி முழங்கிய காலத்திலேயே மற்றொரு விரிகுடாவில் பயணிகள் பனியாற்றைக் காண இறங்கினர். கப்பல் நிற்கும் துறைகளில் டிலிங்கிட் பெண்கள் கூடைகளை விற்றுப் பேரம் பேசினர். ஆளில்லாக் காடு என்று விளம்பரம் செய்யப்பட்ட நிலத்தில் பயணிகள் முதலில் சந்தித்தது அம்மக்களைத்தான்.

தங்க வேட்டையும் ரயில்பாதையும்

1896 ஆகஸ்டில் கனடாவின் க்ளோண்டைக் பகுதியில் தங்கம் கிடைத்தது. 1897 ஜூலை 17 அன்று 'போர்ட்லாண்ட்' கப்பல் தங்கத்துடன் சியாட்டிலை அடைந்ததும், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வடக்கே கிளம்பினர். க்ளோண்டைக்கின் டாசன் நகரை எட்டியவர்கள் 30,000 முதல் 40,000 பேர் வரையே. ஓராண்டுக்கான உணவும் கருவிகளும் இல்லாதவரைக் கனடியக் காவலர் எல்லை தாண்ட விடவில்லை. எனவே ஏறத்தாழ ஒரு டன் சுமையைச் சில்கூட் கணவாயின் மேல் பகுதி பகுதியாகப் பலமுறை ஏறியிறங்கிச் சேர்த்தனர். தலைமுறைகளாக அப்பாதையைக் காத்துவந்த டிலிங்கிட் மக்களில் பலர் சுமைகூலிகளாயினர்.

மனிதர் முதுகில் சென்ற சுமையை ரயிலில் ஏற்ற, 1898 மே மாதம் ஸ்காக்வேயில் ஒயிட் பாஸ் ரயில்பாதை வேலை தொடங்கியது. 20 மைலுக்குள் 2,865 அடி உயரம் ஏறும் அக்குறுகிய பாதை 1900 ஜூலை 29 அன்று நிறைவுற்றது. ஆனால் அதற்குள் தங்க வேட்டை தணிந்துவிட்டது. தங்கத்துக்காகப் போட்ட பாதை பிற்காலத்தில் வேறு சுரங்கங்களின் தாதுவைச் சுமந்தது, 1982இல் மூடப்பட்டது, 1988இல் கப்பல் பயணிகளுக்காகவே மீண்டும் திறக்கப்பட்டது. இப்பகுதியின் பொருளாதார வரலாற்றை இந்த ஒரு பாதையிலேயே படிக்கலாம். தங்க வேட்டைக் காலத்தில் ஸ்காக்வேயில் குதிரைகளைக் கொண்டு சரக்கு இழுத்த ஹாரியட் புல்லன், பின்னர் அங்கேயே விடுதி நடத்தித் தம் விருந்தினருக்கு அந்நாட்களின் கதைகளைச் சொன்னார். வாழ்ந்த வரலாறு அவர் ஆயுளிலேயே விற்பனைக்குரிய வரலாறாகிவிட்டது.

1899: திருப்புமுனை ஆண்டு

1899 கோடையில் ரயில்வே அதிபர் எட்வர்ட் ஹாரிமன் 'ஜார்ஜ் டபிள்யூ. எல்டர்' என்ற கப்பலில் அறிவியலாளர், ஓவியர், எழுத்தாளரைத் திரட்டிக்கொண்டு அலாஸ்கா சென்றார். திரும்பும் வழியில் கேப் ஃபாக்ஸ் என்ற டிலிங்கிட் ஊர் ஆளின்றி இருந்ததைக் கண்டு, கைவிடப்பட்டதெனக் கருதிக் குலமரபுக் கம்பங்களைக் கப்பலில் ஏற்றினர். அவ்வூரார் வேறிடத்தில் உயிரோடு வாழ்ந்துவந்தனர். அப்பொருள்கள் அவர்களின் வழித்தோன்றல்களிடம் திரும்பியது 2001இல். அதே 1899இல் சியாட்டில் வணிகர் குழு ஒன்றும் உல்லாசப் பயணத்தின்போது டோங்காஸ் ஊரிலிருந்து ஒரு கம்பத்தை வெட்டிச் சென்று தம் நகரச் சதுக்கத்தில் நட்டது. காட்சியைக் காண்பதும் கவர்ந்து செல்வதும் அன்று ஒரே கப்பலில் நடந்தன.

அவ்வாண்டு செப்டம்பர் 10 அன்று ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்தில் மியூர் பனியாறு நொறுங்கியது. பனிக்கட்டிகள் விரிகுடாவை அடைத்துக்கொள்ள, கப்பல்கள் பல ஆண்டுகள் அங்கே நெருங்க முடியவில்லை. இவ்வழியின் ஆபத்தை 1918 மீண்டும் உணர்த்தியது. ஸ்காக்வேயிலிருந்து புறப்பட்ட 'பிரின்சஸ் சோபியா' வாண்டர்பில்ட் பாறைத்திட்டில் ஏறி நின்று, அக்டோபர் 25 அன்று மூழ்கியது. கப்பலில் இருந்த 340க்கும் மேற்பட்டோரில் ஒருவர்கூட உயிர் பிழைக்கவில்லை.

சரக்குக் கப்பலிலிருந்து சொகுசுக் கப்பலுக்கு

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை பயணிகளையும் சரக்கையும் ஒரே கப்பலே சுமந்து சென்றது. விமானப் போக்குவரத்து வளர்ந்ததும் அம்முறை குலைந்தது; அலாஸ்கா ஸ்டீம்ஷிப் கம்பெனி 1954இல் பயணிகள் சேவையை நிறுத்தியது. உள்ளூர் மக்களின் தேவைக்கு மாநில அரசு 1963இல் படகுச் சேவையைத் தொடங்கியது. சுற்றுலா தனித் தொழிலாகப் பிரிந்தது. முன்னாள் விமானி சக் வெஸ்ட் 1950களின் பிற்பகுதியில் கனடியக் கப்பல்களை வாடகைக்கு எடுத்துச் சுற்றுலா நடத்தினார். அவர் நிறுவனத்தை 1971இல் ஹாலந்து அமெரிக்கா என்ற கப்பல் நிறுவனம் வாங்கியது.

வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் அமெரிக்கத் துறைகளுக்கிடையே மட்டும் பயணிகளை ஏற்றிச் செல்லக்கூடாது என்பது 1886ஆம் ஆண்டுச் சட்டம். கனடாவின் வான்கூவரோ விக்டோரியாவோ ஏறக்குறைய எல்லாப் பயணத் திட்டங்களிலும் இடம்பெறுவதற்கு இதுவே காரணம். 2020இல் பெருந்தொற்றால் கனடியத் துறைகள் மூடியதும் பெருங்கப்பல் பருவமே இல்லாமல் போனது. 2021 மே மாதம் தற்காலிக விலக்குச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. 2023இல் அலாஸ்காவுக்கு வந்த கப்பல் பயணிகள் 16 லட்சத்துக்கும் மேல்.

வரம்பும் உரிமையும்

கிளேசியர் பே 1925இல் தேசிய நினைவகமாகவும் 1980இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. பனியாறு முன்னேறியதால் பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கிருந்து வெளியேறிய ஹூனா டிலிங்கிட் மக்கள், பனி விலகியபின் வேட்டைக்கும் முட்டை சேகரிக்கவும் திரும்பி வந்துகொண்டிருந்தனர். பாதுகாப்புச் சட்டம் அவர்களின் அந்த வழக்கங்களையும் தடுத்தது. 1970களின் பிற்பகுதியில் திமிங்கிலங்களின் வருகை குறைந்ததை அடுத்துக் கப்பல்களுக்கும் கட்டுப்பாடு வந்தது; இன்று ஒரு நாளைக்கு இரண்டு பெருங்கப்பல்களே அனுமதிக்கப்படுகின்றன.

ஏறத்தாழ 32,000 பேர் வாழும் தலைநகர் ஜூனோ, 2024 முதல் நாளொன்றுக்கு ஐந்து பெருங்கப்பல்கள் என வரையறுத்துக் கப்பல் நிறுவனங்களோடு உடன்பாடு செய்துகொண்டது. ஹூனா ஊரில் பழைய மீன் ஆலையை மையமாக்கி 2004இல் ஒரு துறையைத் திறந்தனர்; அதன் உரிமையாளர் டிலிங்கிட் மக்களின் சொந்த நிறுவனமே. 2014இல் முட்டை சேகரிக்கும் உரிமை சட்டப்படி மீண்டது. 2016இல் கிளேசியர் பே கரையில் ஹூனா குலங்களின் மரபு இல்லம் எழுந்தது.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, கப்பல் சுற்றுலா எல்லைப்புற விரிவாக்கத்தோடு சேர்ந்தே வளர்ந்தது. சுரங்கத்துக்கும் ஆலைக்கும் சென்ற கப்பலே பயணியையும் ஏற்றியது. இரண்டாவது, ஆளில்லாக் காடு என்ற தோற்றம் இயற்கையாக அமைந்ததன்று. ஊர்கள் எரிக்கப்பட்டும் உரிமைகள் மறுக்கப்பட்டும் உருவானது. மூன்றாவது, இத்தொழிலின் நலம் கப்பலின் பருமனில் இல்லை. எத்தனை கப்பல் வரலாம், யாருடைய துறையில் நிற்கலாம் என்பதைக் கரையில் வாழ்வோர் முடிவு செய்வதில் இருக்கிறது. அங்கூனைத் தகர்த்ததற்கு அமெரிக்கக் கடற்படை 2024 அக்டோபர் 26 அன்றுதான் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. பனியாற்றின் அழகைச் சொல்லும் எந்த வழிகாட்டி நூலும் இந்த வரலாற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.