‘வி–ஏ’ கோட்பாட்டின் தோற்றமும் சுதர்சனின் முதன்மை உரிமையும்

முன்னுரை

அணுக்கருவிலிருந்து எலக்ட்ரான் வெளிப்படும் பீட்டா சிதைவைக் குவாண்டம் புலக்கோட்பாட்டின்வழி 1934இல் விளக்கியவர் என்ரிகோ ஃபெர்மி. அவர் தொடங்கிய கணக்கீட்டு முறையை விரித்தபோது, இச்சிதைவுக்குக் காரணமான மென்விசைக்கு ஐந்து கணித வடிவங்கள் இயலும் எனத் தெரிந்தது. அவற்றுள் இயற்கைக்குரியது எது என்னும் வினா இருபது ஆண்டுகளுக்கு மேல் தீராதிருந்தது. அதற்கு விடை கண்ட இ. சி. ஜி. சுதர்சனின் பங்களிப்பையும், அதற்குரிய ஏற்பு தாமதமானதன் காரணத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கல்விப் பின்னணி

இன்று தமிழக – கேரள எல்லையாக விளங்கும் களியக்காவிளையின் இருபுறமும் திருவிதாங்கூராகவே இருந்த காலத்தில், 1931இல் கோட்டயத்தை அடுத்த பள்ளத்தில் பிறந்தவர் சுதர்சன். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, 1952இல் சென்னைப் பல்கலைக்கழக முதுகலைப் பட்டம் பெற்றார். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றியபின், அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மார்ஷக்கிடம் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டார்.

கோட்பாடும் சோதனைகளும்

மென்விசையில் இடவலச் சமச்சீர்மை மீறப்படலாம் என்று லீ, யாங் இருவரும் 1956இல் கூறினர். வூ நடத்திய சோதனை அதனை உறுதிசெய்தது. மென்விசைச் சிதைவுகள் அனைத்துக்கும் வடிவம் ஒன்றே எனின், திசையனும் அச்சுத்திசையனும் எதிர்க்குறியோடு இணைந்த ‘வி–ஏ’ வடிவமே பொருந்தும் என்று சுதர்சனும் மார்ஷக்கும் நிறுவினர். ஆயின், அன்று ஏற்கப்பட்டிருந்த நான்கு சோதனை முடிவுகள் இதற்கு முரணாயிருந்தன. கோட்பாட்டைத் திருத்தாமல், அச்சோதனைகளை மீண்டும் நடத்த வேண்டும் என அவர்கள் வலியுறுத்தினர்.

அவற்றுள் ஒன்று பையான் சிதைவு. ‘வி–ஏ’ கணக்கீட்டின்படி, எலக்ட்ரானுக்கு நிறையே இல்லையெனில் பையான் எலக்ட்ரானாகச் சிதையவே இயலாது. அதன் நிறை மியூவானின் நிறையில் ஏறத்தாழ 207இல் ஒரு பங்கு மட்டுமே ஆதலால், இச்சிதைவு பத்தாயிரத்தில் ஒன்று என்னும் அளவிலேயே நிகழும். முந்தைய சோதனைகளில் புலப்படாத இச்சிதைவு, 1958இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் கண்டறியப்பட்டது. ஏனைய மூன்று முடிவுகளும் பின்னர் மாறின.

முதன்மை உரிமை

1957 ஏப்ரலில் நடைபெற்ற ராச்செஸ்டர் மாநாட்டில், ஆய்வு மாணவராயிருந்த சுதர்சனுக்குப் பேசும் வாய்ப்புக் கிட்டவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் பதுவா – வெனிஸ் மாநாட்டில் மார்ஷக் இக்கோட்பாட்டை முன்வைத்தார். ஆயினும் மாநாட்டுத் தொகுப்பு வெளிவருமுன், ஃபெயின்மன், கெல்–மான் இருவரின் கட்டுரை 1958 ஜனவரியில் ‘பிசிக்கல் ரிவ்யூ’ இதழில் வெளியாகிப் பரவலான மேற்கோளாயிற்று. மார்ஷக், சுதர்சன் ஆகியோருடன் உரையாடியதற்கு அக்கட்டுரையிலேயே கெல்–மான் நன்றி தெரிவித்துள்ளார். கண்டறிந்தவர்கள் சுதர்சனும் மார்ஷக்குமே எனப் பின்னாளில் ஃபெயின்மனும் ஒப்புக்கொண்டார்.

முடிவுரை

1979இல் நோபல் பரிசு பெற்ற மின்மென்விசைக் கோட்பாட்டுக்கு ‘வி–ஏ’ வடிவம் அடித்தளமாயிற்று. சுதர்சன் 1984 முதல் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகப் பணியாற்றி, 2018இல் மறைந்தார். ஒரு கணக்கீட்டின் உண்மையைச் சோதனை ஓராண்டுக்குள் உறுதிசெய்தது. அதனைச் செய்தவர் யார் என்பதையோ வெளியீட்டு ஊடகத்தின் செல்வாக்கு மறைத்தது. எனவே, அறிவியல் வரலாற்றில் முதன்மையைத் தீர்மானிக்க, இதழ் வெளியீட்டு நாளோடு மாநாட்டு உரைகளையும் கட்டுரைகளின் நன்றியுரைகளையும் சான்றாகக் கொள்ளுதல் இன்றியமையாதது.