வண்டி மையிலிருந்து 20டபிள்யூ-40 வரை

வாசுதேவநல்லூர்ப் பக்கம் மாட்டுவண்டிகள் ஓடிய காலத்தில் வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சுக்கு 'வண்டி மை' போடுவார்கள். அதே விளக்கெண்ணெய்தான் 19-ஆம் நூற்றாண்டில் நம் ரயில்களுக்கும் மசகாகப் பயன்பட்டது. முதல் உலகப் போரில் பறந்த பிரெஞ்சு 'நோம்' விமான எஞ்சினுக்கும் அதையே ஊற்றினார்கள். பெட்ரோலில் அது எளிதில் கரையாது. 'காஸ்ட்ரால்' என்ற பெயரே ஆமணக்கைக் குறிக்கும் 'காஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

எண்ணெயின் பாகுத்தன்மையைப் பிரெஞ்சு வழியில் படித்த நாங்கள் 'விஸ்கோசித்தே' என்போம். லத்தீனில் 'விஸ்கும்' என்றால் புல்லுருவி. நம் மாமரத்துப் புல்லுருவிப் பழத்தைப் பிதுக்கிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பசை தெரியும்.

இதை அளக்க வழி காட்டியவர் எஞ்சின்காரர் அல்ல, பாரிஸ் மருத்துவர் புவாசேய். இரத்த ஓட்டத்தை அறிய, 1840 வாக்கில் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் திரவங்களை ஓடவிட்டார். குழாயின் விட்டம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகும் என்றும், சூடு ஏறினால் தண்ணீர் எளிதாக ஓடும் என்றும் கண்டார். பாகுத்தன்மையின் அலகான 'புவாஸ்' அவர் பெயரில் வந்தது.

1911-இல் அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ எண்ணெய்களைப் பாகுத்தன்மைப்படி வகைப்படுத்தியது. பிற்பாடு குளிருக்கும் சூட்டுக்கும் பொருந்தும் எண்ணெய்கள் வந்தன. 20டபிள்யூ-40 என்பதில் 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும். 40 என்பது 100 டிகிரி சூட்டில் உள்ள பாகுநிலை. அந்த எண் எண்ணெயின் தரத்தைச் சொல்வதில்லை.

ஓடும் எஞ்சினில் எண்ணெய் 90 முதல் 110 டிகிரி வரை இருப்பது நல்லது. 80-ஐ எட்டாமல் சின்னச் சின்ன ஓட்டமாகவே ஓடினால் உள்ளே சேரும் ஈரம் ஆவியாகாது. 130-ஐத் தாண்டி நெடுநேரம் நின்றால் எண்ணெய் சீக்கிரம் கெட்டுக் கறுக்கும். முன்பலகை முள் பெரும்பாலும் தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும். எண்ணெய் சூடாக இன்னும் நேரமாகும்.

'கெட்டி எண்ணெய்தான் எஞ்சினுக்குப் பலம்' என்று நம் வயதுக்காரர்கள் பலர் இன்றும் சொல்கிறோம். பழைய பம்ப்செட் எஞ்சினுக்கு அது பொருந்தலாம். பேரன் வாங்கிய புதுக்காரில் எண்ணெய் போகும் வழிகள் குறுகியவை. கெட்டி எண்ணெய் காலையில் மேலே ஏறுவதற்குள் உலோகம் உரசித் தேயும். மெல்லிய எண்ணெயைப் பழைய எஞ்சினில் ஊற்றினால் சூட்டில் இளகி அழுத்தம் குறையும். புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.