காம்போஸ் காலத்து மாத்திரைகள்

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு பென்ஷன், பேரப்பிள்ளைகள், மழை என்று சுற்றிவிட்டுக் கடைசியில் மாத்திரையில் வந்து நிற்கும். காலையில் எத்தனை, ராத்திரி எத்தனை என்று கணக்குச் சொல்வோம். இது பி.பி.க்கு, இது சுகருக்கு, இது தூக்கத்துக்கு என்று அடையாளமும் சொல்வோம். "எந்த வருடத்திலிருந்து?" என்று கேட்டால்தான் யோசிக்க வேண்டியிருக்கும். எழுதிக் கொடுத்த டாக்டர் காலமாகியிருப்பார். அவர் எழுதிய மாத்திரை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

நம் தலைமுறைக்கு நன்றாகத் தெரிந்த மூன்று மாத்திரைகளின் கதையை இங்கே எழுதுகிறேன். மூன்றுமே ஒரு காலத்தில் நல்ல பெயர் எடுத்தவை.

முதலாவது அடல்ஃபேன். இதன் வேர் நம் நாட்டு மண்ணில்தான் இருக்கிறது. சர்ப்பகந்தி என்ற மூலிகையை நம் வைத்தியர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். மும்பை இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதை ரத்தக் கொதிப்பு நோயாளிகள் 50 பேருக்குக் கொடுத்துப் பார்த்து, 1949-இல் இங்கிலாந்தின் இதய மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தது. பி.பி.க்குச் சரியான மருந்தே இல்லாதிருந்த உலகத்துக்கு அது பெரிய வரப்பிரசாதம். அந்த ரெசர்பினோடு இன்னொரு மருந்தைச் சேர்த்ததுதான் அடல்ஃபேன். விலையும் குறைவு என்பதால் வீட்டுக்கு வீடு புழங்கியது.

ஆனால் ரெசர்பின் மூளையிலும் வேலை செய்யும். மனம் சோர்ந்து போகிறது, உடம்பு மந்தமாகிறது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்று மருத்துவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். வீட்டில் ஒரு பெரியவர் பேச்சைக் குறைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தால் "வயசாகிவிட்டது" என்று சொல்லிவிடுவோம். அவர் சாப்பிடும் மாத்திரையை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

இரண்டாவது காம்போஸ். கால்ம்போஸ் என்பது சரியான பெயர். நம் வாயில் அது காம்போஸ். உள்ளே இருப்பது டயஸெபாம். 1963-இல் ரோஷ் கம்பெனி வேலியம் என்ற பெயரில் இதை வெளியிட்டது. 1960களின் கடைசியில் நம் நாட்டு ரான்பாக்ஸி கம்பெனி கால்ம்போஸைக் கொண்டுவந்தது. அந்தக் கம்பெனி தலையெடுத்ததே இந்த மாத்திரையால்தான். தூக்கம் வராவிட்டால் காம்போஸ், படபடப்பு என்றாலும் காம்போஸ்.

இந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு. உடம்பில் சேர்ந்த மருந்தில் பாதி கரைந்து போக, 20 வயதுக்காரருக்குச் சுமார் 20 மணி நேரம் ஆகும். 80 வயதுக்காரருக்குச் சுமார் 90 மணி நேரம், அதாவது ஏறக்குறைய நான்கு நாள். 1970களிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வயதாக ஆக உடம்பில் நீரும் தசையும் குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது. டயஸெபாம் கொழுப்பில் போய்த் தங்கும். கல்லீரலும் மெதுவாகத்தான் அதை வெளியேற்றும். நேற்று போட்டது போகுமுன் இன்றையது சேர்கிறது. 50 வயதில் நிம்மதியான தூக்கம் கொடுத்த அதே மாத்திரை, 75-இல் பகலெல்லாம் மயக்கம், மறதி, தள்ளாட்டம் கொடுக்கும். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து விழுவதும், இடுப்பெலும்பு முறிவதும் பல வீடுகளில் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. மாத்திரை மாறவில்லை, சாப்பிடுகிறவரின் உடம்புதான் மாறிவிட்டது.

மூன்றாவது டயோனில். சுகர்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதில் உள்ள கிளிபென்கிளமைட் சர்க்கரையை நன்றாகவே இறக்கும். ஆனால் வயதானவர்களுக்கு, அதிலும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு, இறங்கிய சர்க்கரை சீக்கிரம் ஏறாது. நம் திருவள்ளூரில் வைத்திய வீரராகவப் பெருமாளைச் சேவிக்க அமாவாசைக்கு எவ்வளவு கூட்டம் என்று உங்களுக்குத் தெரியும். விரதம் இருந்துகொண்டு, பழக்க தோஷத்தில் காலை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்பும் பெரியவருக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதையெல்லாம் மருத்துவ உலகம் கவனிக்காமல் இல்லை. நம் பக்கத்திலேயே அந்த வேலை தொடங்கியது. கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறி மூர்மார்க்கெட்டில் இறங்கினால் எதிரே இருக்கும் ஜி.எச்.சில், டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-இல் முதியோருக்கென்று தனி மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் முதியோர் மருத்துவத்துக்கு முன்னோடி அவர்தான். 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அதற்கென எம்.டி. படிப்பே வந்தது. 2012-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. முதியவரை ஒவ்வொரு உறுப்பாகப் பிரித்துப் பார்க்காமல் முழு ஆளாகப் பார்க்க வேண்டும் என்பது இந்தப் படிப்பின் அடிப்படை. அப்படிப் பார்க்கும்போது, அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளும் ஒரே மேஜைக்கு வந்துவிடும்.

1991-இல் அமெரிக்க முதியோர் மருத்துவர் மார்க் பியர்ஸ், நிபுணர்களைக் கலந்து ஒரு பட்டியல் வெளியிட்டார். முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்குப் பொதுவாகத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் எவை என்ற பட்டியல் அது. ரெசர்பினும் டயஸெபாமும் அதில் இருந்தன. 1997-இல் 65 வயது தாண்டிய எல்லாருக்குமாக அதை விரித்தார்கள். 2012-இல் கிளிபென்கிளமைடும் சேர்ந்தது. கடைசியாக 2023-இல் புதுப்பித்திருக்கிறார்கள். இது தடைப் பட்டியல் அல்ல. வயதானவருக்கு எழுதுமுன் ஒருமுறைக்கு இரண்டு முறை யோசிக்கச் சொல்லும் பட்டியல்.

நம் நாட்டிலும் 2014 மார்ச் 1 முதல் எச்-1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. டயஸெபாம், அல்பிரஸோலம் உட்பட 46 மருந்துகளை விற்கும்போது டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

சட்டமும் பட்டியலும் இருந்தும் பழைய மாத்திரைகள் ஏன் நிற்பதில்லை? சிப்காட்டில் வேலை பார்த்தவர்களைப் பாருங்கள். சர்வீசில் இருந்தவரை இ.எஸ்.ஐ. மருந்தகம், ஒரே இடம். ரிடையரான பிறகு சுகருக்கு ஒரு டாக்டர், முட்டிவலிக்கு ஒருவர், மகன் வீட்டுக்குப் போனால் சென்னையில் ஒரு ஸ்பெஷலிஸ்ட். ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஒன்று சேர்க்கிறார். இன்னொருவர் எழுதியதை நிறுத்த யாருக்கும் மனம் வருவதில்லை. பி.பி.க்கு அம்லோடிபின் சாப்பிட்டுக் கால் வீங்கினால், வீக்கத்துக்கென்று நீர் பிரியும் மாத்திரை வருகிறது. அதனால் ராத்திரி நாலு தடவை எழுந்து தூக்கம் கெட்டால், தூக்க மாத்திரை வருகிறது. முதல் மாத்திரையை மாற்றியிருந்தால் மற்ற இரண்டும் தேவைப்பட்டிருக்காது.

அதற்காக நாளைக்கே எதையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பல வருடம் சாப்பிட்ட தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டர் மேற்பார்வையில், வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். பி.பி., சுகர் மாத்திரைகளையும் நாமாக விடக்கூடாது.

நாம் செய்யக்கூடியது எளிது. வருடத்துக்கு ஒருமுறையாவது வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு ஒரே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். கண் சொட்டு மருந்து, லேகியம், கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை எல்லாம் அந்தப் பையில் இருக்கட்டும். "இது எதற்கு? என் வயதுக்கு இது இன்னும் தேவையா? அளவைக் குறைக்க முடியுமா?" என்று கேளுங்கள். திருவள்ளூரிலேயே இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதியோர் சிறப்பு மருத்துவம் வேண்டுமென்றால் 2024-இல் கிண்டியில் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் மற்ற மாத்திரைகளையும் எடுத்துக் காட்டி, யாரிடம் கேட்கலாம் என்று விசாரியுங்கள்.

நம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது, அம்மாவுக்கு நடை தள்ளாடுகிறது என்றால், வயதின் மேல் பழியைப் போடுமுன் அந்த மாத்திரை டப்பாவை ஒருமுறை திறந்து பார்க்கட்டும்.