பாதிரியார் நிலம்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் இன்று லிட்டில் இந்தியா என வழங்கும் பகுதியில் அரசன் பெயரால் ஒரு தெருவும் அரசி பெயரால் ஒரு தெருவும் இருப்பதில் வியப்பில்லை. ஆங்கிலேயர் அமைத்த நகரம் அது. ஆயின், அதே பகுதியை ஒட்டிச் செல்லும் சர்ச் தெருவில் இன்று தேவாலயம் எதுவும் இல்லை. அடுத்துள்ள பிஷப் தெருவில் ஆயர் எவரும் வாழவில்லை. மாரியம்மன் கோயில் மணியோசையும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பாங்கோசையும் கேட்கும் அத்தெருக்களுக்கு இப்பெயர்கள் எவ்வாறு வந்தன என்று வினவுவோர்க்கு, பினாங்கின் முதற் குடிகளுள் ஒரு சாராரின் வரலாறே விடையாகக் கிடைக்கும்.

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் உடைமையாக அறிவித்தார். நான்கு நாள் கழித்து, மரியன்னையின் விண்ணேற்பு விழாவன்று, கெடாவிலிருந்து ஒரு கத்தோலிக்கக் கூட்டத்தார் வந்திறங்கினர். போர்த்துக்கீசியரும் கீழை நாட்டவரும் கலந்த வழியில் தோன்றியவர்கள் அவர்கள். லைட்டின் வாழ்க்கைத் துணைவியான மார்த்தினா ரொசெல்ஸும் புக்கெட் தீவைச் சேர்ந்த அவ்வினத்தவரே. அவர்களுக்கு ஆன்மிகத் தந்தையாக விளங்கியவர் கார்னோ என்னும் பிரெஞ்சுக் குரு, பின்னர் ஆயரானவர். அவர்கள் முதலில் எழுப்பிய சிற்றாலயம் இருந்த தெருவே சர்ச் தெரு. ஆயரின் நினைவைத் தாங்கியது பிஷப் தெரு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா வணிகரும் படகோட்டிகளும் அவர்களுக்கு அண்டை வீட்டார் ஆயினர்.

மலாய் மொழியில் இம்மக்களுக்குச் செரானி என்று பெயர். நசரேயர் என்னும் பொருள்படும் அரபுச் சொல்லின் திரிபு அது. அவர்தம் மூதாதையர் மொழி தமிழர்க்கும் அயலானதன்று. மேசை, அலமாரி, சாவி, ஜன்னல், பாதிரி என்று நாள்தோறும் நாம் வழங்கும் சொற்கள் போர்த்துக்கீசியம் தந்தவையே. சாவி அவர்கள் சொல்; பூட்டு நம் சொல். இரண்டும் சேர்ந்துதான் தமிழன் வீட்டுக் கதவைக் காத்து வந்திருக்கின்றன. கதவு இருக்கும் நிலம் எவருடையது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

புக்கெட் தீவைப் பர்மியர் தாக்கிய காலத்தில் மேலும் பல செரானிக் குடும்பங்கள் பினாங்குக்குப் பெயர்ந்தன. அவற்றுக்குத் தலைமை தாங்கியவர் பாஸ்குவல் என்னும் குரு. நகருக்கு வடமேற்கே, கடலை நோக்கிய புலாவ் திக்குஸ் என்னும் இடத்தில் 1811ஆம் ஆண்டளவில் அமல உற்பவ அன்னை ஆலயம் தோன்றியது. அதனைச் சுற்றி எழுந்த பலகை வீடுகளின் கூட்டமே செரானிக் கம்பம். கம்பம் என்றவுடன் மலேசியத் தமிழர் உள்ளத்தில் எழும் காட்சி எதுவோ, அதுவே அங்கும் இருந்தது. வீட்டைச் சுற்றி மாவும் தென்னையும், வேலியற்ற முற்றங்கள், ஒரு வீட்டுத் திருமணம் எல்லா வீட்டுத் திருமணம். வீடு குடியிருப்போர்க்கு உரியது. அது நின்ற மண்ணுக்கு மட்டும் ஆலயத்துக்குச் சிறு தொகை தரை வாடகையாகச் செலுத்தி வந்தனர்.

சிக்கலின் வேர் இத்தரை வாடகையிலேயே இருந்தது. தங்கள் முன்னோர் குருவோடு வந்து குடியேறிய மண் அது. தங்கள் பொருட்டு ஆலயம் அதனைக் காத்து வருகிறது என்பது கம்பத்தாரின் நம்பிக்கை. பத்திரமோ ஆலயத்தின் வசம் இருந்தது. வாடகை வாங்குபவர் நிலக்காரர், கொடுப்பவர் குடிக்கூலிக்காரர் என்பதே சட்டத்தின் பார்வை. ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் இவ்விரு கருத்துகளும் மோதாமல் அருகருகே வாழ்ந்தன. மண்ணின் விலை குறைவாக இருந்தமையால் எவரும் எவரையும் கேட்கவில்லை. புலாவ் திக்குஸ் பினாங்கின் செல்வப் புறநகராக வளர்ந்தபின், நிலத்தை மேம்பாட்டாளரோடு சேர்ந்து கட்டடமாக்கும் ஏற்பாடு வந்தது. 1980களில் முணுமுணுப்பாக இருந்தது 1990களின் தொடக்கத்தில் போராட்டமாயிற்று. நாளிதழ்கள் எழுதின, மரபுடைமை ஆர்வலர் குரல் கொடுத்தனர். முடிவில் வீடுகள் இடிந்தன. தாம் ஞானஸ்நானம் பெற்ற ஆலயத்தையே எதிர்த்து நிற்க நேர்ந்ததுதான் அம்மக்களுக்குப் பெருந்துயர் என்பதில் ஐயமில்லை. அரசை எதிர்ப்பவனுக்கு ஆலயத்தில் ஆறுதல் கிடைக்கும். ஆலயத்தோடு வழக்காடுபவன் எங்குச் செல்வான்?

மலாக்காவிலும் இதே இனத்தார் உளர். அவர்தம் நிலை சற்று வேறானது. நகரில் சிதறி வாழ்ந்த ஏழை மீனவர் நிலை கண்டு இரு குருமார் முயன்றதன் பயனாக, அரசு உஜோங் பாசிரில் ஏறத்தாழ 28 ஏக்கர் நிலத்தை வாங்கியது. 1930களில் அங்குப் போர்த்துக்கீசியக் குடியிருப்பு உருவாயிற்று. அம்மக்கள் தம் கிறிஸ்தாங் மொழியில் அதனைப் ‘பாத்ரி சா சாங்’ என்று அழைப்பர். ‘பாதிரியார் நிலம்’ என்பது பொருள். நிலத்தை வாங்கித் தந்தது அரசு, பெயரோ பாதிரியாருக்கு. அங்கே மண் பறிபோகவில்லை, கடல் பறிபோயிற்று. முழங்கால் நீரில் வலையைத் தள்ளிக்கொண்டு நடந்து கூனி இறால் பிடித்தல் அவர்களின் பழந்தொழில். 1970கள் முதல் கரையோரக் கடலை மண்கொட்டித் தூர்த்த திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரவே, ஆழமற்ற கரை அவர்களை விட்டு விலகிச் சென்றது. மீனவனுக்குக் கடலுக்குப் பட்டா வழங்கும் அலுவலகம் எந்த நாட்டிலும் இல்லை.

இவ்விரு குடியிருப்புகளின் குறையைச் செரானியரின் குறை என்று மட்டும் கொண்டு தமிழர் ஒதுக்கிவிட இயலாது. பினாங்கில் நிலம் வழங்கப்பட்ட முறையே இதற்கு அடிப்படை. 1801ஆம் ஆண்டில் சூலியா முஸ்லிம்களின் பள்ளிவாசலுக்காகக் கம்பெனி 18 ஏக்கர் நிலம் அளித்தது. அதே ஆண்டில் இந்துக் கோயிலுக்கும் நிலம் கிடைத்தது. அவ்விடத்தில்தான் 1833இல் குயின் தெரு மாரியம்மன் கோயில் எழுந்தது. வழிபாட்டு இடத்துக்குப் பத்திரம் இருந்தது. அதன் நிழலில் குடிசை போட்டவனுக்கு இல்லை. காலப்போக்கில் அறச்சொத்துகளின் நிருவாகம் பற்றி முறையீடுகள் எழுந்தன. அரசு 1905இல் முகம்மதிய, இந்து அறக்கொடைச் சட்டத்தை இயற்றி அவற்றை ஒரு வாரியத்தின்கீழ்க் கொணர்ந்தது. கணக்கு சீரானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் முன்பு ஊர்ப் பெரியவரின் திண்ணையில் தீர்ந்த குறை, அதன்பின் அலுவலகப் படியேற வேண்டியதாயிற்று.

தண்ணீர்மலை முருகன் கோயிலை இங்கு நினைத்தல் தகும். அருவிக்கரையில் இருந்த பழைய வழிபாட்டிடம், 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவின் எல்லைக்குள் அமைந்தது. பூங்காவும் குடிநீர்த் திட்டமும் அவ்விடத்தை வேண்டியபோது, மலைச்சரிவில் மாற்றிடம் கிடைத்து 1915இல் கோயில் இடம் பெயர்ந்தது. தெய்வத்துக்கு மாற்று நிலம் கிடைத்துவிடுகிறது. குடும்பத்துக்குக் கிடைப்பது அரிது.

இதனைப் பினாங்குத் தமிழர் உணர்ந்த காலம் 2009. குளுகோரில் இருந்த பூவா பாலா கம்பத்தின் பெயருக்குச் சாதிக்காய்க் கம்பம் என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரவுன் என்னும் ஸ்காட்லாந்துக் குடும்பத்தார் அப்பகுதியில் சாதிக்காய், கிராம்புத் தோட்டங்களை வைத்திருந்தனர். 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் நோய் தாக்கிப் பினாங்கின் சாதிக்காய் மரங்கள் பட்டுப்போயின. தொழிலாளர் மரபினர் அங்கேயே தங்கினர்; மாடு, ஆடு வளர்த்தனர்; நகரத்து வீடுகளுக்குப் பால் கொடுத்தனர். பொங்கலன்று மாட்டுக் கொம்புக்கு வண்ணம் பூசும் வழக்கம் நகர எல்லைக்குள் உயிரோடிருந்த இடம் அது. அடுக்குமாடிகள் சூழ்ந்தபின்னும் ஏறத்தாழ ஆறரை ஏக்கர் பசுமை எஞ்சியிருந்தது.

பிரவுன் குடும்பத்தார் தங்கள் முன்னோர்க்கென விட்டுச் சென்ற நிலம் அது. அரசு அதன் காவலரே என்பது கம்பத்தாரின் வழக்கு. ஆண்டுதோறும் கட்டணம் பெற்று வழங்கப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமமே அவர்களுக்கு இருந்தது என்பது எதிர்வழக்கு. தற்காலிகம் என்ற சொல்லைத் தலைமுறைக் கணக்கில் சுமந்தவர்கள் அவர்கள். முந்திய மாநில அரசு நிலத்தை அரசு உயரதிகாரிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்கு அளிக்க முடிவு செய்தது. 2008 மார்ச்சுத் தேர்தலில் ஆட்சி மாறிய சூழலில் உரிமை மாற்றம் நிறைவேறியது. செய்தவர் அவர் என்று இவரும், தடுக்காதவர் இவர் என்று அவரும் கூறினர். கூட்டரசு நீதிமன்றம் வரை சென்ற வழக்கில் குடியிருப்பாளர் தோற்றனர். மாற்றாக மாடி வீடு தரும் ஏற்பாட்டைச் சிலர் ஏற்றனர். சிலர் இறுதிவரை மறுத்து நின்றனர். 2009 செப்டம்பரில் இயந்திரங்கள் நுழைந்தன. வீடு வாங்கியவர்க்கும் மாடு கட்ட இடம் இல்லை.

சட்டம் ஏன் இவ்வாறு தீர்த்தது? 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தொகுப்பின்படி, பதிவேட்டில் எழுதிய பெயரே உரிமை. எத்தனை தலைமுறை வாழ்ந்தாலும், வாழ்ந்த காரணத்தால் மட்டும் ஒருவர் மற்றவர் நிலத்துக்கோ அரசு நிலத்துக்கோ உரியவர் ஆகார். தெளிவான சட்டம்தான், வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் நன்மை பயப்பது. நம்பிக்கையைப் பதிவு செய்யும் பத்தி மட்டும் அப்பேரேட்டில் இல்லை.

செரானியரின் மூதாதையர் நாடாகிய போர்த்துக்கலில் இதே வழக்கு வேறு முடிவை எட்டியது என்பது நோக்கத்தக்கது. அந்நாட்டின் வடமலைச் சிற்றூர்களில் ‘பால்தியு’ என்னும் ஊர்ப் பொதுநிலங்கள் உண்டு. நம் ஊர் மேய்ச்சற் புறம்போக்கை ஒத்தவை. ஆனால் ஊரார் கூடி ஆண்டவை. 1938ஆம் ஆண்டின் சட்டத்தால் சலசார் அரசு அவற்றில் காடு வளர்க்கத் தொடங்கியது. ஆடு மேய்ந்த மேட்டில் பைன் மரம் எழுந்தது. இடையர் ஊரை விட்டு வெளியேறினர். 1971இல் பெனெதா - ஜெரெஸ் மலைப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்நாட்டுக்கு அஃது ஒன்றே தேசியப் பூங்கா. அதே மலைப்பகுதியில், கூட்டு வாழ்க்கைக்குப் பெயர்பெற்ற விலாரின்யோ த ஃபுர்னா என்னும் ஊர் அக்காலத்திலேயே அணைநீரில் மூழ்கியது. நீர் வற்றும் பருவத்தில் அதன் கற்சுவர்கள் இன்றும் தலைகாட்டுகின்றன.

1974இல் சர்வாதிகாரம் வீழ்ந்தது. 1976 சனவரியில் இயற்றிய சட்டம் பொதுநிலங்களை ஊராரிடம் திருப்பியளித்தது. வழக்கத்தால் அந்நிலத்தைப் பயன்படுத்தி வரும் குடிகளே அதற்குரியவர் என்று அச்சட்டம் கொண்டது. பத்திரத்தைக் கேட்கவில்லை, பழக்கத்தைக் கேட்டது. அதனால் குறைகள் தீர்ந்துவிட்டன என்று கூறுவதற்கில்லை. புல்லுக்குத் தீயிடக் கட்டுப்பாடு, வீடு புதுப்பிக்க இசைவு, ஓநாய் கொன்ற கன்றுக்கு இழப்பீடு தரும் தாமதம் எனப் பூங்கா நிருவாகத்தின்மேல் முறையீடுகள் தொடர்ந்தே வந்துள்ளன. ஆயினும் அங்கு முறையிடுபவன் நிலத்துக்குரியவனாக நின்று முறையிடுகிறான். பூவா பாலாவின் பால்காரருக்கு அந்நிலை வாய்க்கவில்லை.

லிட்டில் இந்தியாவின் தெருக்களிலும் இக்கதை வேறு வடிவில் நிகழ்ந்துள்ளது. 1948 சனவரி இறுதிக்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காவலாக இருந்தது. கடைத்தெருவிலும் சுற்றுத் தெருக்களிலும் கீழே கடை, மேலே குடும்பம் என்று மூன்று தலைமுறை வாழ முடிந்தது அதனால்தான். வீட்டுக்காரர்க்கு அது பெருங்குறை. பழுது பார்க்கும் செலவுக்கும் வாடகை போதவில்லை. 1997இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. இடைக்காலச் சலுகை முடிந்து 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் முதல் வாடகை சந்தை விலைக்கு விடப்பட்டது. நெடுங்காலக் குடிக்கூலிக்காரர் பலர் வெளியேறினர். 2008 சூலை 7ஆம் நாள் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை மலாக்காவோடு சேர்த்து உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெறச் செய்தது. அதன்பின் கட்டடங்களின் உயரத்துக்கும் முகப்புக்கும் கூரைக்கும் விதிகள் வந்தன. பலகணிகள் புதுப்பொலிவு பெற்றன. அவற்றின் பின்னே குடியிருந்த குடும்பங்களுள் பல தொலைவிலுள்ள அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்துவிட்டன. தைப்பூசத்துக்கு முதல்நாள் பினாங்குத் தெருவிலிருந்து வெள்ளித்தேர் புறப்படும் விடியற்காலையில் தேங்காய் உடைக்க அவர்கள் திரும்பி வருகின்றனர்.