ஏடும் இயக்கமும்: அமெரிக்க மகளிர் வாக்குரிமை வரலாறு

ஓர் இயக்கத்தின் வரலாற்றை ஆராயப் புகுவார்க்கு முதற்கண் வேண்டப்படுவது அவ்வியக்கத்தார் தம் கைப்பட எழுதிவைத்த எழுத்தேயாம். அவ்வெழுத்தைக் காத்தவர் யாவர், எதனைக் காத்தனர், எதனைக் கழித்தனர் என்பனவும் உடன் ஆராயத்தக்கன. காத்தவர் கருத்தே காலப்போக்கில் வரலாறாக நின்றுவிடுதல் உண்டாதலின். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த மகளிர் வாக்குரிமைக் கிளர்ச்சி இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். அக்கிளர்ச்சியாளர் விட்டுச்சென்ற கடிதங்களும் நாட்குறிப்புகளும் விண்ணப்பங்களும் அந்நாட்டு நூல்நிலையங்கள் பலவற்றில் நிரம்பிக் கிடக்கின்றன. இருந்தும் அவற்றுள் தலையேடு எனத்தக்க ஒன்று இன்றளவும் அகப்பட்டிலது.

அஃது யாதெனிற் கூறுதும். 1848-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 19, 20 ஆகிய இரு நாட்களில், நியூயார்க்கு மாகாணத்துச் செனீக்கா பால்ஸ் என்னும் சிற்றூரில், கிறித்தவ ஆலயமொன்றில், மகளிர் உரிமை குறித்து ஒரு மாநாடு கூடிற்று. எலிசபெத் கேடி ஸ்டாண்டன் அம்மையாரும் லுக்கிரீசியா மாட் அம்மையாரும் அதனைக் கூட்டியவருள் முதன்மையானவர். அந்நாட்டின் 1776-ஆம் ஆண்டு விடுதலைச் சாசனத்தின் நடையை அடியொற்றி வரைந்த உரிமை அறிக்கையொன்று அங்கே படிக்கப்பெற்றது. பெண்டிர் 68 பேரும் ஆடவர் 32 பேருமாக நூற்றுவர் அதன்கண் கைச்சாத்திட்டனர். தீர்மானங்களுள் ஏனையவெல்லாம் ஒருமனதாக நிறைவேற, வாக்குரிமை வேண்டிய தீர்மானம் ஒன்றுமட்டும் தடைப்பட்டது. உலகம் எள்ளி நகையாடுமென்று பலர் அஞ்சினர். அதனைத் தாங்கி எழுந்து பேசியவர், அடிமைத்தளையினின்றும் தப்பிவந்த பிரடெரிக் டக்ளஸ் என்னும் கறுப்பினப் பெரியார். அதன்பின்னரே அது நிறைவேறிற்று. மாநாட்டு நடவடிக்கையை ரோச்செஸ்டர் நகரிலிருந்த தம் அச்சுக்கூடத்தில் அச்சிட்டு வழங்கியவரும் அவரே. அவ்வச்சுப்படி இன்று உளது. அறிக்கையின் கையெழுத்து மூலமோ இல்லை. 2015-இல் அந்நாட்டரசு அதனைத் தேடித்தருமாறு பொதுமக்களை வேண்டியும் கிட்டிற்றில்லை. டக்ளஸ் நடத்திய பத்திரிகையின் தொகுதிகளும் 1872-இல் அவர்தம் இல்லம் தீப்பற்றியபோது வெந்தொழிந்தன.

ஏடு காத்தோருள் முதல்வைத்து எண்ணத்தக்கவர் சூசன் ஆண்டனி அம்மையார் (1820–1906). செனீக்கா பால்ஸ் மாநாட்டிற்கு அவர் சென்றாரல்லர். சென்றாரெனக் கூறுவார் கூற்றுப் பிழையாம். 1851-இல் ஸ்டாண்டன் அம்மையாரோடு நட்புப் பூண்டு, அதன்பின் வாழ்நாள் முழுதும் இப்பணிக்கே தம்மை ஒப்புவித்தார். 1872 நவம்பர் 5-ஆம் நாள் ரோச்செஸ்டரில் துணிந்து வாக்களித்தார்; அதுபற்றிச் சிறைபிடிக்கப்பட்டார். மறு ஆண்டு நிகழ்ந்த விசாரணையில், நீதிபதி சான்றாளர் குழுவினரை ஆராயவிடாது, குற்றவாளியென்றே முடிவு கூறும்படி பணித்தார். விதித்த தண்டம் 100 டாலர். அம்மையார் அதனை இறுதிவரை செலுத்தவேயில்லை. செலுத்தாமையினும் யான் பெரிதாக மதிப்பது, அவ்வழக்கின் நடவடிக்கை முழுவதையும் 1874-இல் நூலாக அச்சிடுவித்துப் பரப்பியதையே.

ஸ்டாண்டன், மட்டில்டா ஜாஸ்லின் கேஜ் என்னும் இருவரோடுங் கூடி அவர் தொகுத்த 'மகளிர் வாக்குரிமை வரலாறு' என்னும் பெருநூலின் முதற்பகுதி 1881-இல் வெளிவந்தது. பின்வந்தோர் கூட்ட, 1922-இல் ஆறு பகுதிகளாக அது முற்றுப்பெற்றது. விற்பனையை நோக்காது நூல்நிலையங்கட்கு விலையின்றியே அவர் அதனை அனுப்பிவந்தார். 1903-இல் தம் நூல்களையும் செய்தித்தாள் நறுக்குகள் ஒட்டிய ஏடுகளையும் வாஷிங்டனிலுள்ள காங்கிரசு நூல்நிலையத்திற்கு ஈந்தார். ஆயின் இவ்வளவும் காத்த கையே பிறவற்றை எரித்தது என்பது கேட்போர்க்கு வியப்பாகும். ஐடா ஹஸ்டட் ஹார்ப்பர் என்னும் எழுத்தாளரைத் தம் இல்லத்தில் இருத்தித் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதுவித்தபின், மேல்மாடத்துக் குவிந்திருந்த கடிதங்களுள் மிகப் பல தீக்கு இரையாக்கப்பட்டன. நூலில் ஏறியன போக எஞ்சியவை வேண்டா என எண்ணினர் போலும். செல்லரித்தலால் ஏடு இழந்தோர் இரங்கத்தக்கார்; நூல் முடிந்ததென்று மூலத்தை எரித்தாரை என்னென்பது!

மூலம் வேண்டும் என்பதற்கு ஒரு சான்று காட்டுதும். 1851 மே மாதம் ஒகையோ மாகாணத்து அக்ரான் நகரில் கூடிய மகளிர் மாநாட்டில், முன்னாள் அடிமையாகிய சோஜர்னர் ட்ரூத் அம்மையார் ஓர் உரை நிகழ்த்தினார். அவர் எழுதப் படிக்க அறியார். ஆதலின் அவ்வுரை பிறர் எழுதியவாற்றானே நமக்குக் கிடைக்கின்றது. தானும் ஒரு பெண்ணன்றோ என்னும் பொருள்பட மீண்டும் மீண்டும் எழும் வினாவாலேயே அவ்வுரை உலகெங்கும் புகழ்பெற்றது. அவ்வினா உள்ள பாடம், மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய பிரான்சஸ் கேஜ் அம்மையார் பன்னிரண்டு ஆண்டு கழித்து 1863-இல் எழுதி வெளியிட்டது. மேற்கூறிய பெருநூல் இப்பாடத்தையே ஏற்றுக்கொண்டது. ஆனால் உரை நிகழ்ந்து ஒரு மாதத்துள், 1851 சூன் 21-இல், ஒகையோவில் நடந்த அடிமை ஒழிப்புப் பத்திரிகையொன்றில், நேரிற் கேட்ட மாரியஸ் ராபின்சன் என்பார் எழுதிய பாடம் அச்சாகியுளது. அதில் அவ்வினா இல்லவேயில்லை.

மடத்தில் ஏடுகளை ஒப்புநோக்கப் பயின்றோர்க்கு மேலே செய்ய வேண்டுவது தானே புலப்படும். பிற்பாடம் தென்மாகாணத்து அடிமைகளின் கொச்சை மொழியில் அமைந்தது. அம்மையாரோ வடபாலுள்ள நியூயார்க்கு மாகாணத்திற் பிறந்து, டச்சு மொழியையே தாய்மொழியாகப் பேசி வளர்ந்தவர். பிற்பாடம் அவர் பதின்மூன்று மக்களைப் பெற்றதாகச் சொல்லுவிக்கின்றது. அவர் பெற்றனவாக அறியப்படுவன ஐந்தே. எனவே முற்பாடமே கொள்ளத்தக்கது என்பது எளியேன் துணிபு. பிற்பாடம் சுவையிற் குறைந்ததன்று. எனினும் சுவை சான்றாகாது. ஒரு கறுப்பினப் பெண்ணின் வாயில் பிறர் தாம் வேண்டிய சொல்லை வைத்து, அச்சொல்லையே அவர் சொல்லாக நூறாண்டுக்கு மேல் உலகைக் கொள்ளச்செய்தமை சிறு பிழையன்று. பழம் பத்திரிகையின் ஒரு தாள் அழியாதிருந்தமையாலன்றோ இவ்வுண்மை வெளிப்பட்டது!

பெருநூலில் வேறு குறைகளும் உள. அடிமை ஒழிப்பின் பின்னர், நிறவேறுபாடு பற்றி வாக்குரிமை மறுத்தலாகாது என 1870-இல் 15-ஆம் சட்டத்திருத்தம் நிறைவேறிற்று. பால் வேறுபாட்டை அது தொட்டிலது. இதனை ஏற்பதா எதிர்ப்பதா என்னும் பூசலால் 1869-இலேயே இயக்கம் இரண்டாகப் பிளந்தது. எதிர்த்து நின்ற ஸ்டாண்டனும் ஆண்டனியும் அக்காலத்துக் கறுப்பின ஆடவரை இழித்துக் கூறிய கூற்றுக்கள் அவர்தம் புகழுக்கு மாசாகவே நிற்கின்றன. மறுபுறம் நின்ற லூசி ஸ்டோன் அம்மையார் இப்பெருநூலுக்கு உதவ மறுத்தார். அவர் கழகத்தின் வரலாற்றை ஸ்டாண்டன் மகளாரே எழுதிச் சேர்க்க நேர்ந்தது. ஒரு கட்சியார் எழுதிய வரலாற்றில் மறு கட்சி பெற்ற இடம் எத்தகையதென்பதை அறிஞர் ஊகித்துக்கொள்வர். இந்நூலொன்றையே நம்பினார்க்குப் புலப்படாதவற்றை அரசாங்க ஆவணக்களரியிலுள்ள விண்ணப்பங்கள் காட்டுகின்றன. 1878-இல் வாஷிங்டனில் வாழ்ந்த கறுப்பின மக்கள் மகளிர்க்கு வாக்குரிமை வேண்டிக் காங்கிரசுக்கு விடுத்த விண்ணப்பம் ஒன்று அங்குளது. டக்ளஸின் மகனாரும் மகளாரும் அதிற் கையொப்பமிட்டுள்ளனர்.

1920 ஆகஸ்டில் 19-ஆம் சட்டத்திருத்தம் நிறைவேறிப் பெண்டிர் வாக்குரிமை பெற்றனர். செனீக்கா பால்ஸில் கைச்சாத்திட்ட நூற்றுவருள் அப்போது உயிரோடிருந்தவர் சார்லட் உட்வர்ட் என்னும் மூதாட்டி ஒருவரே. நோயுற்றிருந்தமையால் அவரும் வாக்களிக்க இயலவில்லை. கறுப்பினப் பெண்டிர்க்கோ தென்மாகாணங்களில் 1965-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அவ்வுரிமை பெரும்பாலும் ஏட்டளவிலேயே இருந்தது.

மகளிர் ஏடுகளை ஓரிடத்துத் தொகுத்தற்கென மேரி பியர்டு அம்மையார் முதலாயினோர் 1935-இல் நிறுவிய நிலையம் பொருள்முட்டுப்பாட்டால் 1940-இல் மூடப்பட்டது. ஆயினும் அவ்வூக்கம் வீண்போகவில்லை. ஸ்மித் கல்லூரியில் 1942-இலும், ராட்கிளிப் கல்லூரியில் 1943-இலும் இவ்வகைத் தொகுதிகள் கால்கொண்டன. பின்னது மாட் உட் பார்க் அம்மையார் அளித்த கொடையால் தோன்றி, இன்று ஷ்லெசிங்கர் நூல்நிலையம் என விளங்குகின்றது.

வீட்டு மேல்மாடங்களும் இன்னும் வறிதாகவில்லை. இசபெல்லா பீச்சர் ஹூக்கர் அம்மையாருக்கு ஆண்டனியும் ஸ்டாண்டனும் எழுதிய கடிதங்கள் கனெக்டிகட் மாகாணத்து வீடொன்றில் மரப்பெட்டியுள் கிடந்து வெளிப்பட்டன. ரோச்செஸ்டர் பல்கலைக்கழகம் அவற்றை விலைக்குப் பெற்று 2017-இல் உலகுக்கு அறிவித்தது. 2018 முதல் காங்கிரசு நூல்நிலையமும், ஆண்டனி, ஸ்டாண்டன், கறுப்பினத் தலைவியாகிய மேரி சர்ச் டெரல் முதலியோர் கையெழுத்துக்களின் படங்களைக் கணினி வாயிலாக எவரும் காணவைத்து, விரும்பும் தொண்டர்களைக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பெயர்த்தெழுதுவித்து வருகின்றது. ஒருவர் பெயர்த்ததனை மற்றொருவர் மூலத்தோடு ஒப்புநோக்கிய பின்னரே அது முற்றுப்பெற்றதாகக் கொள்ளப்படுகின்றது.