பச்சைப் படம்: ஒரு போர்க்காலப் பெட்டியின் மறுவாழ்வு

1940களின் இறுதியில் லண்டன் புறநகர் வீடுகள் சிலவற்றில் தொலைக்காட்சி பச்சை நிறத்தில் தெரிந்தது. ஆறு அங்குல விட்டமுள்ள வட்டத் திரை. அதில் அடங்கிய படம் ஏறக்குறைய ஓர் அஞ்சலட்டை அளவு. அறிவிப்பாளரும் நடனப் பெண்ணும் கிரிக்கெட் வீரரும் பாசி படிந்தவர்களைப் போல இளம்பச்சையில் அசைந்தார்கள். படத்தைப் பெரிதாக்க முன்னால் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி. மெருகிட்ட மரப்பேழை கிடையாது. மேசைமேல் இரண்டு மூன்று இரும்புப் பெட்டிகள், அவற்றை இணைக்கும் கம்பிகள், அவ்வளவுதான். வீட்டுக்காரரே செய்தது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை அந்தப் பெட்டிகளின் இடம் குண்டுவீச்சு விமானத்தில்.

போர்க்கால உபரிச் சரக்கு என்று பேசத் தொடங்கினால் அது ஜீப், கூடாரம், பாராசூட் துணி என்று விரிந்துகொண்டே போகும். பாராசூட் பட்டில் தைத்த மணப்பெண் உடைகளைப் பற்றி வேண்டிய அளவு எழுதப்பட்டுவிட்டது. நாம் இங்கே ஒரு கருவியை மட்டும் பின்தொடர்வோம். அதன் வாங்கிப் பெட்டிக்கு ஆர்1355 என்று பெயர். காட்டிப் பெட்டிக்கு இண்டிகேட்டர் 62. இரண்டும் சேர்ந்தது 'ஜீ' என்னும் விமான வழிகாட்டுக் கருவி.

ராபர்ட் டிப்பி என்னும் பிரிட்டிஷ் பொறியாளரின் யோசனை அது. தரையில் தள்ளித்தள்ளி அமைந்த நிலையங்கள் கால ஒழுங்குடன் வானொலித் துடிப்புகளை அனுப்பும். அவை விமானத்தை வந்தடைவதில் நொடியின் மிகச்சிறு பின்ன அளவு முன்பின் இருக்கும். அந்த வேறுபாட்டைப் பச்சைக் கோட்டின் மேலுள்ள புடைப்புகளாகத் திரையில் அளந்து, வளைகோடுகள் அச்சிட்ட வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், இருட்டில் பறக்கும் விமானம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். 1942 மார்ச் 8ஆம் நாள் இரவு எஸ்ஸன் நகரைத் தாக்கச் சென்ற விமானங்களின் முன்னணியினர் இதைக் கொண்டுதான் வழி கண்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மானியர் இடையூறு அலைகளை அனுப்பி அதை மழுங்கடிக்கத் தொடங்கினர். எனவே அலைவரிசையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. அதற்காக வாங்கிப் பெட்டியின் முன்பகுதியைக் கழற்றி மாட்டும் தனிப் பெட்டியாகவே செய்தார்கள்: எண் 24, 25, 26, 27. ஒவ்வொன்றும் ஓர் அலைவரிசைப் பட்டைக்கு உரியது. இந்த எண்களை நினைவில் கொள்க. இவை மீண்டும் வரும்.

1945இல் போர் முடிந்தது; சரக்கு தேங்கிற்று. செலவு பாராமல் செய்யப்பட்டவை அவை. அரசு ஏற்கனவே விலை கொடுத்துவிட்ட பொருள்கள் என்பதால், விற்கும்போது கிடைத்தது லாபம். வியாபாரிகள் மொத்தமாக எடுத்தார்கள். லண்டன் சோஹோவின் லைல் தெருவில் கடை வாசல்களில் ராணுவச் சாம்பல் நிறப் பெட்டிகள் அடுக்கப்பட்டன. நம் ஊர்க் காயலான் கடையை அறிந்தவர்க்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. லங்காஸ்டர் விமானத்தின் ஆர்1155 வானொலி அங்கே கிடைத்தது. டாங்கிகளில் இருந்த 19ஆம் எண் வானொலியும் கிடைத்தது. சோவியத் நாட்டுக்கென்று செய்தவற்றின் முகப்பில் ஆங்கிலத்தோடு ருஷ்ய எழுத்துகளும் பொறித்திருந்தன.

வால்வுகளுக்கு ராணுவம் தனிப் பெயர் சூட்டியிருந்தது. கடையில் விஆர்91 என்று கிடப்பதன் உண்மைப் பெயர் இஎஃப்50. விஆர்65 என்பது எஸ்பி61. விஆர்92 என்பது இஏ50. இந்த அகராதி தெரிந்தவனுக்குக் குப்பை புதையலாகத் தெரிந்தது. தெரிந்தவர்கள் நிறையவே இருந்தார்கள். போருக்குப் பின் உபரியானவற்றுள் மனிதரையும் சேர்க்க வேண்டும் என்பது நம் எண்ணம். விமானப்படையில் ராடாரும் வானொலியும் பழுதுபார்க்கக் கற்ற இளைஞர்கள் பெருந்தொகையாக வீடு திரும்பினார்கள். கையில் காசு குறைவு, கைத்திறன் மிகுதி. (ராடார் பயிற்சி பெற்ற அத்தகைய ஒருவர் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழின் 1945 அக்டோபர் எண்ணில், பூமியின் சுழற்சியோடு இசைந்து சுற்றும் செயற்கைக்கோள்கள் வழியாக உலகெங்கும் ஒலிபரப்பலாம் என்று எழுதினார். பெயர் ஆர்தர் சி. கிளார்க். பொழுதுபோக்கு மின்னணுவியலாளரும் படித்த இதழ் அது.)

லண்டனின் அலெக்சாண்ட்ரா மாளிகையிலிருந்து பிபிசி 1936 நவம்பர் 2இல் தொடங்கிய தொலைக்காட்சி, போர் மூளவிருந்த 1939 செப்டம்பர் 1இல் நின்று, 1946 ஜூன் 7இல் மீண்டும் வந்தது. உரிமக் கட்டணம் ஆண்டுக்கு இரண்டு பவுண்டு. கடையில் ஒரு பெட்டி வாங்கவோ சாதாரணத் தொழிலாளிக்குப் பல வாரக் கூலி வேண்டும். படத்தின் அலைவரிசை 45 மெகாஹெர்ட்ஸ். ஜீயின் 25ஆம் எண் முன்பகுதி 40 முதல் 50 வரை வாங்கும்! 1949 டிசம்பர் 17இல் பர்மிங்ஹாம் பகுதிக்கான சட்டன் கோல்ட்ஃபீல்ட் நிலையம் 61.75 மெகாஹெர்ட்ஸில் தொடங்கியபோது, அங்கிருந்தவர்கள் 26ஆம் எண்ணைத் தேடினார்கள். எதிரியிடமிருந்து தப்புவதற்காகச் செய்த மாற்றுப் பெட்டி, ஊருக்கு ஊர் நிலையம் மாற்றப் பயன்பட்டது.

தற்செயல் போலத் தோன்றும் இதன் பின்னே இன்னொரு கதை உண்டு. போருக்குச் சற்று முன் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பை நிறுவனம், அலெக்சாண்ட்ரா மாளிகையின் 45 மெகாஹெர்ட்ஸை நேராக வாங்கும் தொலைக்காட்சிப் பலகை ஒன்றைச் செய்திருந்தது. விமானத்தில் பொருத்தத்தக்க சிறு ராடாருக்காக நுண்ணுணர்வுள்ள வாங்கி ஒன்றைத் தேடி அலைந்த வேல்ஸ்காரர் எட்வர்ட் போவனின் கையில் அது சிக்கியது. வீட்டுத் தொலைக்காட்சிக்கான பலகையே விமான ராடாரின் உள்ளுறுப்பாயிற்று. அதன் உயிரான இஎஃப்50 வால்வு ஹாலந்தின் பிலிப்ஸ் நிறுவனத்துடையது. ஜெர்மனி அந்நாட்டின்மேல் பாய்வதற்கு முந்தைய நாள், 1940 மே 9இல், 25,000 வால்வுகளும் மேலும் செய்வதற்கான 2,50,000 அடிப்பாகங்களும் பிரிட்டனுக்குக் கிளம்பின. போருக்குப் பின் அந்த 'பை பலகை'களும் உபரிக் கடைக்கு வந்தன. வாங்கியவர்கள் அவற்றை எதற்காகப் பிறந்தனவோ அதற்கே திருப்பினார்கள்.

வேலை எளிதன்று. திரையில் கோடு ஓடும் வேகத்தைப் பிபிசியின் கணக்குக்கு மாற்ற வேண்டும்: படத்துக்கு 405 கோடு, நொடிக்கு 25 படம், ஆக நொடிக்கு 10,125 கோடு. மின்தடைகளையும் மின்தேக்கிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி வேறு வைத்துச் சால்டர் செய்ய வேண்டும். ஒலி 41.5 மெகாஹெர்ட்ஸில் வரும். அதற்குத் தனி வாங்கி. விசிஆர்97 என்னும் அந்தப் பச்சைக் குழாய்க்கு இரண்டாயிரம் வோல்ட்டுக்கு மேல் வேண்டும். வீட்டு மின்சாரத்திலிருந்து மின்மாற்றி வழியாக அதை எடுத்தார்கள். தொட்டால் ஆளை விடாது. சுவிட்சை அணைத்த பிறகும் மின்தேக்கியில் மின்னேற்றம் காத்திருக்கும். 'ஒரு கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலை செய்' என்பது அக்காலப் பாடம். இரு கைகளும் உலோகத்தைத் தொட்டால் மின்சாரம் நெஞ்சின் வழியே போகும் என்பதால்.

வாள்களைக் கொழுமுனைகளாக அடிப்பது என்னும் விவிலியப் படிமத்தை இந்த இடத்தில் நீட்டுவது எளிது. நமக்கு அதில் உடன்பாடில்லை. இங்கே எவரும் வாளை உடைத்துவிடவில்லை. மேலும் சிறந்த வாள்கள் வந்துவிட்டன. பழையன எடைக்குப் போயின. பெட்டி மலிவாகக் கிடைத்ததன் மறுபக்கம் கணக்கில் வராதது. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் 55,573 பேர் மாண்டனர். அவர்கள் வீசிய குண்டுகளுக்குக் கீழே மாண்ட ஜெர்மானியக் குடிமக்கள் பல லட்சம். அதே வேளையில், இடையூறு அலைகள் ஐரோப்பிய நிலப்பரப்பின் மேல்தான் வலுவாக இருந்தன. எனவே ஜீ பின்னாளில் மிகுதியும் பயன்பட்டது வீடு திரும்பும் வழியில்தான். அடிபட்ட விமானத்தில், மூடுபனியில், சொந்த ஓடுதளத்தைத் தேடியவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததும் அந்தப் பச்சைக் கோட்டையே. பொருளின் வரலாற்றை எழுதுகிறவர் இவற்றில் ஒன்றை வைத்து மற்றொன்றை அழிக்கக் கூடாது.

பச்சைத் தொலைக்காட்சியின் காலம் சுருக்கமானது. கடைப் பெட்டிகளின் திரை பெரிதாயிற்று. 1955 செப்டம்பர் 22இல் வணிகத் தொலைக்காட்சி வேறொரு உயர் அலைவரிசைப் பட்டையில் தொடங்கிற்று; ஜீயின் முன்பகுதி எதுவும் அங்கே எட்டவில்லை. லைல் தெரு இன்று லண்டனின் சீன நகரப் பகுதி.

ஆனால் பை பலகையைக் கண்டெடுத்த போவனை நாம் இன்னும் விட்டுவிடவில்லை. போருக்குப் பின் அவர் சிட்னியில் ஆஸ்திரேலிய அரசின் வானொலி இயற்பியல் பிரிவுக்குத் தலைவரானார். போரில் ராடார் ஆய்வகமாக இருந்த அந்த இடம் வானொலி வானியலுக்குத் திரும்பியது. அங்கே கிறிஸ்டியன்சன் என்பவர் பாட்ஸ் ஹில் நீர்த்தேக்கக் கரையில் ஆறடி விட்டமுள்ள 32 கிண்ணங்களை வரிசையாக நிறுத்திச் சூரியனைக் கவனித்தார். 1952இல் சிட்னியில் நடந்த மாநாட்டுக்குச் சென்று அந்தப் பிரிவின் பணிகளை நேரில் கண்டவர், தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் இயக்குநரான, நம் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணன். அவர் அனுப்பிய இளைஞர் கோவிந்த் ஸ்வரூப் 1953 முதல் இரண்டாண்டு அங்கே பயின்றார். கிறிஸ்டியன்சன் புதிய அமைப்புக்கு மாறவே, கிண்ணங்கள் வேண்டாதவையாயின. அவற்றை இந்தியாவுக்குத் தரும்படி ஸ்வரூப் கேட்டார், கொடுக்க இசைந்தார்கள். இலவசப் பொருளுக்குக் கப்பல் கூலி தர இங்கே அன்னியச் செலாவணி இல்லை என்பதால் இழுபறி நேர்ந்தது. ஒருவழியாகத் தில்லி வந்த கிண்ணங்கள் அங்கே சும்மா கிடந்தன.

ஸ்வரூப் 1963இல் ஹோமி பாபாவின் அழைப்பில் டாடா ஆய்வு நிறுவனத்துக்கு வந்த பின்னரே அவற்றுக்கு வேலை வந்தது. 1965இல் பம்பாய்க்கு அருகே கல்யாணில் கிழக்கு மேற்காக 24, வடக்கு தெற்காக 8 என்று அவை நின்றன. சிட்னியில் தள்ளிவிடப்பட்ட கிண்ணங்களில் இளம் குழு ஒன்று கைப்பழக்கம் பெற்றது. பிறகு அக்குழு நீலகிரியில், நிலநேர்க்கோட்டின் அளவுக்கே, அதாவது சுமார் பதினொரு பாகை சரிந்த ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ஊட்டி வானொலித் தொலைநோக்கியை எழுப்பியது. 1970இல் அது வேலை செய்யத் தொடங்கியது. அதற்கென்று வடிவமைத்தது; பழைய சரக்கில் கட்டியதன்று.